தொம்மையின் சிவப்பு

பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட் போல்ட்டின் தலையில் இருந்தது, சாக்கெட்டில் கம்பி இருந்தது, கம்பியில் நாலடி இரும்புக் குழாய் செருகியிருந்தது, குழாயின் நுனியில் ஆறுமுகநயினாரின் வலது கை இருந்தது. இடது கை, காரின் முன்சக்கரம் கழற்றிய பள்ளத்துக்குள் தோள்வரை போய், சாக்கெட் சரிந்துவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தது. வலது கையை எடுத்தால் பாதகமில்லை. இடது கையை எடுத்தால் சாக்கெட் நழுவும், நழுவினால் தலையின் ஆறு முனையும் மழுங்கும், மழுங்கினால் அப்புறம் ஆண்டவனே வந்து ஸ்பேனர் போட்டாலும் பிடி கிடைக்காது. கையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாமே என்பதெல்லாம் மற்ற மனிதர்களுக்குத் தோன்றுகிற யோசனை. நயினாருக்குத் தோன்றாது. நாற்பத்துநாலு வயதில் தொழில் படிக்க வந்தவருக்குத் தோன்றுவதெல்லாம் மழுங்குவதும் முறிவதும்தான். மூக்கின் நுனியில் வியர்வை வந்து நின்று அரித்தது. சொறிய ஒரு கையும் மிச்சமில்லை. தகரக் கூரை பதினோரு மணிக்கே கொதிக்க ஆரம்பித்திருந்தது, மின்விசிறி செத்துக் கிடந்தது, மாதாமாதம் பராமரிப்பு என்று சொல்லிக் காலை ஒன்பதுக்குப் பிடுங்கிய கரண்ட் சாயங்காலம்தான் வரும். கரண்ட் இருந்தால் போல்ட் கழற்றுகிற காற்றுத் துப்பாக்கியை வைத்து ஒரு பிடி பிடித்துப் பார்த்திருப்பார்கள். அதற்கும் அசைந்திருக்காது. அது அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அசைஞ்சுச்சா அத்தான்?" ஷெட்டின் மறுகோடியில் இன்னொரு வண்டியின் அடியிலிருந்து பலவேசம் கேட்டான். பலவேசம் அவர் பெண்டாட்டி வடிவின் தம்பி, இந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி, அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவன். "இல்ல மாப்ளே" என்றார். "நல்லா ஏறி அழுத்துங்க. ஒங்க வெயிட்டு பூராவையும் குடுங்க." கொடுத்தார். குழாய் வளைந்து கொடுத்தது. போல்ட் கொடுக்கவில்லை. என்ஜினின் கிராங்குத் தண்டின் நுனியில் பெல்ட் ஓடுகிற புல்லியைப் பிடித்துக்கொண்டிருக்கிற போல்ட் அது, அந்த வண்டியில் இருக்கிற போல்ட்டுகளிலேயே பெரிய மனுஷன், இறுக்கமாக இருப்பதுதான் அதன் உத்தியோகம். புல்லியின் ரப்பர் கிழிந்து காலையில் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு வந்து சேர்ந்தது இந்த வெள்ளைக் கார். ஒரு டீச்சரம்மாவுடையது. நாளைக் காலையில் மகளை நாகர்கோவிலில் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விடவேண்டும், இன்றைக்கே முடியுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வண்டியில் இதே போல்ட்டைக் கழற்றி உள்ளே எண்ணெய் சீல் மாற்றியிருந்தார்கள். பலவேசம் காலையில் வந்து குனிந்து, கழிவுத் துணியால் போல்ட்டின் தலையைத் துடைத்துப் பார்த்தான். எண்ணெய்க் கருப்புக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு வந்தது. "தொம்மை முறுக்குனதா? அப்ப இப்படித்தான் இருக்கும். வரட்டும் அவன், நாலு கேள்வி கேக்கேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டான். இங்கே மெக்கானிக்காக இருக்கிற தொம்மை புதுப் புல்லி வாங்க ஜங்ஷனுக்குப் போயிருக்கிறான். அரைமணியில் வருவான். அரைமணியில் கால்மணி போய்விட்டது. அதற்குள் போல்ட் கழன்றுவிட்டால் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். கழலு, கழலு என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். கழன்றுவிடேன், என் ராசா, உனக்கு என்ன வேண்டும், தேங்காய் உடைக்கிறேன். பேச்சு போல்ட்டோடுதான். கேட்டால் சிரிப்பார்கள்.

கோடு என்றால் சும்மா கோடு இல்லை. இந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு முக்கியமான போல்ட்டை யார் கடைசியாக முறுக்குகிறாரோ அவர் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுக்கவேண்டும். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும், அது ஒன்று. யார் முறுக்கினது என்று தெரியும், அது இன்னொன்று. ஆளுக்கொரு கலர். பலவேசத்துக்கு வெள்ளை, தொம்மைக்குச் சிவப்பு. நயினார் வந்து சேர்ந்த அன்று அவர் மகள் சங்கரி தன் நகப்பூச்சுகளில் ஒன்றைக் கொடுத்து, "அப்பா, இது ஒங்க கலரு, வேற யாரும் வைக்கமாட்டாங்க" என்றாள். வாடாமல்லிக் கலர். அது அன்றிலிருந்து சட்டைப் பையில் கிடக்கிறது, எட்டு மாதமாக, திறக்காமல். சின்னச் சின்ன வேலைகள் செய்வார், நன்றாகவே செய்வார், செய்துவிட்டுத் தொம்மையைக் கூப்பிடுவார், "ஒரு பார்வை பாத்துரு தம்பி" என்பார், தொம்மை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் சிவப்பைப் போட்டுவிட்டுப் போவான். கழுவிய சாமான்களுக்கு மட்டும் நயினார் சாக்பீஸால் குறி போடுவார். சாக்பீஸ் அழியும். அதனால் போடுவார். இந்த வெள்ளைக் காரின் போல்ட்டிலும் சிவப்புதான் கிடக்கிறது. அதைப் போட்டது தொம்மை இல்லை. அந்த நினைப்பு வந்ததும் கை தானாகவே இன்னும் கொஞ்சம் அழுத்தியது, போல்ட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சின்ன சத்தம் வந்தது, விறகு காயும்போது வருகிற சத்தம், அவர் சட்டென்று கையைத் தளர்த்தினார். கழலுகிற சத்தமா, முறிகிற சத்தமா? இரண்டுக்கும் ஒரே சத்தமாக இருந்தால் என்ன செய்வது? தொம்மை சொல்லியிருக்கிறான், முறிந்தால் தலை மட்டும் கையோடு வந்துவிடும் அண்ணாச்சி, உடம்பு உள்ளேயே தங்கிரும், அப்புறம் என்ஜினை இறக்கணும். டீச்சரம்மாவின் மகள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருப்பாள். பெட்டி நீலக் கலராக இருக்கும் என்று ஏனோ தோன்றியது.

சீல் மாற்றிய அன்றைக்கு என்ன நடந்தது என்றால், நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். தொம்மையின் அம்மா குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. அவன் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினான். ஓடுகிறபோது சொன்னான், "போல்ட்ட மாட்டி மட்டும் வச்சிருங்க அண்ணாச்சி, கைமுறுக்குப் போதும், நான் வந்து முறுக்கிக்கிடுதேன்." கிராங்கு போல்ட்டைப் புதியவர்கள் தொடக்கூடாது, அது இங்கே சட்டம். பலவேசம் வண்டி பார்க்கத் தென்காசி போயிருந்தான். ஷெட்டில் நயினார் மட்டும்தான். மாட்டினார். கைமுறுக்கு முறுக்கினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்தப் பள்ளத்துக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு கிடக்கவேண்டாம். ஆனால் கொஞ்சநேரம் கழித்து ஒரு நினைப்பு வந்தது. தொம்மை வராவிட்டால்? வந்தும் மறந்துவிட்டால்? அம்மா விழுந்த பதற்றத்தில் முறுக்கியாயிற்று என்று நினைத்துச் சக்கரத்தை மாட்டி அனுப்பிவிட்டால்? கைமுறுக்கோடு அந்த வண்டி பைபாஸில் எண்பதில் போய், டீச்சரம்மா, பின்சீட்டில் மகள், போல்ட் கழன்று, புல்லி பறந்து. குழாயை எடுத்து முறுக்கினார். போதும் என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வந்து திரும்ப முறுக்கினார். திரும்பப் போனார், வாசல்வரை போனார், வந்தார், முறுக்கினார். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டும் வீட்டைப் பூட்டிவிட்டும் மூன்று தடவை வந்து பார்க்கிற மனுஷன். "பூட்ட இழுத்து இழுத்தே கழட்டிருவீய போல" என்று வடிவு தெருவில் நின்றுகொண்டு சிரிப்பாள். நாலாவது தடவை வந்தபோது அலமாரியில் ஒரு சின்ன டியூப் கண்ணில் பட்டது. மரையில் விடுகிற பசை. ஒரு சொட்டு விட்டால் போல்ட் எந்த அதிர்வுக்கும் தளராது, நெருப்பு காட்டினால் ஒழியக் கழலாது என்று படம் போட்டிருந்தது. போல்ட்டைக் கழற்றி, மரையில் ஒரு சொட்டு விட்டார். ஒரு சொட்டு போதும்தான். நாலு சொட்டு விட்டார். ஏறி நின்று முறுக்கினார். அப்போதுதான் நெஞ்சு அடங்கியது. ஒரு பெரிய காரியத்தைத் தனியாளாகச் செய்து முடித்துவிட்ட சந்தோஷம் கூட வந்தது, வெட்கத்தோடு ஒரு சந்தோஷம். கோடு போடவேண்டுமே என்று கை சட்டைப் பைக்குப் போனது. வாடாமல்லிப் புட்டியைத் தொட்டது. தொட்டுவிட்டு வெளியே வந்து, அலமாரியில் இருந்த தொம்மையின் சிவப்பை எடுத்தது.

கையெழுத்துப் போட்டவன்தான் மாட்டுவான். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பட்டு வந்த புத்தி. பதினெட்டு வருஷம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பன்னிரண்டு மேஜை, மேஜைக்கு இரண்டு கேஸ் குழாய், ஆக இருபத்துநாலு. சாயங்காலம் இருபத்துநாலையும் மூடிவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிற நோட்டில் மணியைக் குறித்துக் கையெழுத்துப் போடவேண்டும். பதினெட்டு வருஷமும் போட்டார். ஒரு நாள் வேதியியல் சார் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார். "நான் மூடிட்டுப் போறேன் நயினார், நீங்க கிளம்புங்க. கையெழுத்த மட்டும் இப்பவே போட்டுருங்க, நாளைக்கு நோட்டுல காலியா இருந்தா கேப்பாங்க." போட்டுவிட்டுக் கிளம்பினார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாடை அடித்தது. பத்தொன்பதாவது குழாய் திறந்து கிடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவரே ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார், சிலிண்டரையும் அவரே மூடினார். ஆனால் நோட்டு இருந்ததே. நிர்வாகத்தின் அறையில் நோட்டை விரித்து வைத்துக் கேட்டார்கள், இது யாருடைய கையெழுத்து? வேதியியல் சார் பக்கத்தில்தான் நின்றார். சுவரில் தொங்கிய தனிம அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார், பதினெட்டு வருஷம் பாடம் நடத்தினதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னுடையதுதான் சார் என்றார் நயினார். அவருடையதுதானே. பத்தொன்பது. அங்கேயும் பத்தொன்பது, இங்கேயும் பத்தொன்பது, என்ன எழவு கணக்கோ. அந்தச் சாரின் முகம் இன்றைக்கும் தூக்கத்தில் வரும். என்ன மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து திட்டியிருக்கிறார். இப்போது அந்த முகத்தை நினைக்கும்போது, கழுத்துக்குக் கீழே தன்னுடைய காக்கிச் சட்டை இருந்தது. தொம்மை இன்னும் பத்து நிமிஷத்தில் வருவான். பலவேசம் கேட்பான், இது யாருடைய கலர்? நயினார் எதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்? பார்க்க இங்கே ஒரு அட்டவணைகூட இல்லை. டயர் கம்பெனிக் காலண்டர்தான் இருக்கிறது.

நெருப்பு. நெருப்பு காட்டினால் கழன்றுவிடும். கேஸ் டார்ச் எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆறு எட்டு எடுத்து வைத்தால் கைக்கு வரும். இரண்டு நிமிஷம் தலையில் சூடு காட்டினால் உள்ளே பசை இளகும், குழாயை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் பலவேசத்திடம் கேட்காமல் டார்ச்சைத் தொடமுடியாது. கிராங்கு போல்ட்டுக்குப் பின்னால் ரப்பர் சீல் இருக்கிறது, நெருப்பு பட்டால் கருகிவிடும், காரணம் இல்லாமல் அங்கே யாரும் டார்ச்சைக் கொண்டுபோகக் கூடாது என்று அவன் ஏற்கெனவே ஒருத்தனைத் திட்டியிருக்கிறான். காரணம் இருக்கிறது மாப்ளே என்று சொன்னால் என்ன காரணம் என்பான். பசை இருக்கும் போலத் தெரியுது மாப்ளே. இருக்கும் போல என்றால்? பசை வெளியே தெரியாதே அத்தான், எப்படித் தெரியும்? வாசனை வந்தது என்று சொல்லலாம். மூன்று மாதப் பசைக்கு என்ன வாசனை. தொம்மைதான் போட்டிருப்பான் என்று சொல்லலாம். அந்த வாக்கியம் நாக்குவரை வந்தது, அவரே வரவழைத்தாரா தானாக வந்ததா தெரியவில்லை, அதைப் பார்த்து அவருக்கே பயமாகிவிட்டது. சீ. தொம்மை என்ன பாவம் செய்தான், எட்டு மாதமாக அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒவ்வொரு சாமானாகக் கையில் கொடுத்துப் பேர் சொன்னவன். சொல்லாமல் இருப்பதும் அதுதானே? சொல்லாமல் இருந்தால் தொம்மைதான் போட்டான் என்று போல்ட்டே சொல்லிக்கொண்டிருக்கிறது, நயினார் வாயைத் திறக்கவே வேண்டாம். சரி, உண்மையைச் சொன்னால்? இந்த வேலையும் போகும். நாற்பத்துநாலு வயதில் இன்னொரு இடம் யார் கொடுப்பார்? இதுவே பெண்டாட்டியின் தம்பி என்பதால் கிடைத்தது. வடிவு தம்பியிடம் கேட்பதற்கு இரண்டு நாள் யோசித்தாள், கேட்டுவிட்டு வந்து அவர் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது? அங்கே என் கையெழுத்து இருந்ததால் அனுப்பிவிட்டார்கள், இங்கே என் கையெழுத்து இல்லாததால் அனுப்பிவிட்டார்கள். தோள் மரத்துப்போய்விட்டது. இடது கையின் விரல்கள் சாக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. பள்ளத்துக்குள் கிரீஸும் மண்ணும் பழைய ரப்பரும் கலந்த வாடை. வெளியே வரமுடியாது என்று திடீரென்று தோன்றியது. காரின் தகர விளிம்பு கழுத்தில் அழுந்தியது, ஜாக்கி நழுவினால், நழுவாது, கீழே ஸ்டாண்டு போட்டிருக்கிறது, போட்டோமா? போட்டோம். இரண்டு தடவை பார்த்தோம். மூன்றாவது தடவை பார்க்கவில்லை.

பைக் சத்தம் கேட்டது. சைலன்சர் ஓட்டையான அந்தச் சத்தம் ஊரில் ஒரே பைக்குக்குத்தான் உண்டு. தொம்மை இறங்கி, புல்லிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவது சக்கரப் பள்ளத்தின் வளைவுக்குக் கீழே செருப்புக் காலாக மட்டும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பலவேசத்தின் ஷூ வந்து நின்றது. நாலு கால்களும் பேச ஆரம்பித்தன.

"ஏ தொம்மை, என்னத்தப்பா முறுக்கி வச்சிருக்க? அரைமணி நேரமா அத்தான் தொங்கிட்டு இருக்காரு."

"எதுல?"

"டீச்சரம்மா வண்டி. கிராங்கு போல்ட்டு. ஒன் கலருதான் கெடக்கு, வந்து பாரு."

தொம்மை குனிந்தான். அவன் முகம் பள்ளத்துக்குள் நயினாரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது. வெயிலில் வந்த சூடு அவன் மேலிருந்து அடித்தது. போல்ட்டின் தலையைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். நயினாரைப் பார்த்தான். அப்படி ஒன்றும் ரொம்பநேரம் பார்க்கவில்லை. நயினார் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துவிட்டது, டயர் கம்பெனிக் காலண்டரில் இன்றைக்கு என்ன கிழமை என்று மனசு போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"ஆமா மொதலாளி" என்றான் தொம்மை நிமிர்ந்து. "ஏங் கலருதான். அன்னைக்கு அம்மா விழுந்துட்டா, ஒரே ஓட்டம். கூட ரெண்டு முறுக்கு விழுந்திருக்கும்."

"கூட ரெண்டா? இருபதுன்னு சொல்லு. போல்ட்டு முறிஞ்சா யாரு பதில் சொல்லுதது? நீயா சொல்லுவ? மூணு மாசத்துக்கு ஒருக்க இப்படி ஏதாவது ஒண்ணு பண்ணுத. அம்மா விழுந்தான்னா முறுக்காமப் போட்டுட்டுப் போயிருக்கணும், சொல்லிட்டுப் போயிருக்கணும்." பலவேசம் இப்படியே இன்னும் கொஞ்சம் சொன்னான். தொம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். நயினார் பள்ளத்துக்குள் தலையை வைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். பழைய வாழ்க்கையில் அவர் நின்ற இடத்தில் இப்போது தொம்மை நிற்கிறான், சார் நின்ற இடத்தில் இவர் குனிந்து கிடக்கிறார். சாருக்காவது நிற்க முடிந்தது. இது என்னவென்று பெயர் தெரியாத ஒரு அசிங்கமாக இருந்தது, அழுகை வருமோ என்று பயந்தார், வரவில்லை. தப்பித்தோம் என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டதே, அதைத்தான் தாங்கமுடியவில்லை.

"சரி, பேசி என்ன ஆவப்போவுது" என்று பலவேசம் பின்பக்கம் போய் ஆறடிக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். "நீ ஒரு பக்கம் ஏறு, நான் ஒரு பக்கம். ரெண்டு பேரு வெயிட்டுக்கு வராம எங்க போவும். அத்தான், நீங்க சாக்கெட்ட மட்டும் விடாமப் புடிச்சுக்கிடுங்க."

ஆறடிக் குழாய் கம்பியில் ஏறியது. தொம்மை ஒரு காலைத் தூக்கிக் குழாய்மேல் வைத்தான். முறியும். கழலாது, முறியும். பசை பிடித்த மரை உள்ளே நிற்கும், தலை மட்டும் வரும், அவர் விரலுக்குள் வரும், அவர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். தலையில் சிவப்புக் கோட்டோடு வரும். தொம்மை அதற்கும் ஆமா மொதலாளி என்பான். என்ஜினை இறக்குவார்கள், டீச்சரம்மாவின் மகள் பஸ்ஸில் நீலப் பெட்டியோடு போவாள், பலவேசம் தொம்மையைப் போகச் சொல்வான், தொம்மை போவான், இடுப்பு ஒடிந்த அம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான், நயினார் நாளைக்கும் வருவார், நாளை மறுநாளும் வருவார், சாக்பீஸால் குறி போடுவார். "ஒண்ணு" என்றான் பலவேசம். "ரெண்டு" என்பதற்குள் நயினார் இடது கையை எடுத்துவிட்டார். சாக்கெட் கழன்று தரையில் விழுந்து உருண்டது.

"என்ன அத்தான்!"

"பசை இருக்கு" என்றார் நயினார். பள்ளத்துக்குள்ளிருந்து சொன்னதால் அது யாரோ சொன்னது மாதிரிக் கேட்டது. தலையை வெளியே எடுத்துத் திரும்பச் சொன்னார். "பசை இருக்கு மாப்ளே. அமுத்துனா முறிஞ்சிரும். சூடு காட்டணும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் போட்டேன். முறுக்குனதும் நான்தான். தொம்மை இல்ல." அப்புறம், அதைச் சொல்லாமல் விட்டால் சொன்னதே வீண் என்பதால், "கோடு போட்டதும் நான்தான்" என்றார்.

பலவேசம் குழாயைக் கீழே வைத்தான். மெதுவாக வைத்தான், சத்தம் வராமல். அக்காளின் புருஷனைத் திட்ட வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறோமே என்ற சங்கடம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்க்க நயினாருக்குத்தான் பாவமாக இருந்தது. கடைசியில் அவன் தொம்மையிடம் திரும்பினான். "ஒனக்குத் தெரியாதாலே?"

"தெரியும்" என்றான் தொம்மை. "நான் கோட்ட மேலருந்து கீழ இழுப்பேன். இது கீழருந்து மேல போயிருக்கு. அண்ணாச்சி சாக்பீஸ்ல குறி போடுததப் பாத்திருக்கீயல்லா, அதே இழுப்பு."

"பெறவு ஏம்ல ஆமா போட்ட?"

தொம்மை புல்லிப் பெட்டியின் மூலையைக் கொஞ்சநேரம் நகத்தால் சுரண்டினான். "அன்னைக்கு அஞ்சு மணிக்குத் திரும்பி வந்தேன். கோடு கெடந்துச்சு. நான் போட்டது இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சுச்சு. நான் ஒரு இழுப்பு இழுத்துப் பாத்திருக்கணும். மறுபடி ஆசுபத்திரிக்குப் போவணும்னு, சக்கரத்த மாட்டி அனுப்பிட்டேன். ஏங் கலரு கெடந்தா அது ஏம் போல்ட்டுதான, மொதலாளி." மூன்று மாதமாக நயினார் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று உண்டு, அம்மா விழுந்த பதற்றத்தில் தொம்மை தானே முறுக்கியதாக நினைத்திருப்பான் என்று. அது அங்கேயே விழுந்து செத்தது.

பலவேசம் ஆறு எட்டு நடந்து போய் ஆணியிலிருந்து டார்ச்சை எடுத்து வந்து நயினாரின் கையில் கொடுத்தான். "நீங்களே காட்டுங்க. தலையில மட்டும், சீலு பக்கம் போவாம." அவர் காட்டினார். சிவப்புக் கோடு முதலில் கொப்பளித்தது, பிறகு கருகியது, பிறகு புகைந்து போயே போய்விட்டது. இரண்டு நிமிஷம் கழித்துத் தொம்மை சாக்கெட்டை ஏற்றிப் பிடித்தான். நயினார் நாலடிக் குழாயை இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். அரைமணிக்கு மேல் உயிரை வாங்கின போல்ட், இப்போது விரலால் சுற்றினாலே வரும் போலச் சாதுவாகச் சுற்றிக்கொண்டு வந்து துணிக்குள் விழுந்தது.

"பசை போட்டதுக்கு ஒண்ணும் சொல்லல அத்தான்" என்றான் பலவேசம். குரல் அவர் பழகின குரல் இல்லை, முதலாளியின் குரல். "பயந்து போட்டிய. பயப்படுதவன் ரெண்டு தடவ பாப்பான், அது எனக்கு வேணும். ஆனா அடுத்தவன் கலர எடுத்தீயளே. சாயங்காலம் புதுப் போல்ட்டு வரும். நீங்கதான் முறுக்கணும், கணக்கு வச்சு, பசை கிசை இல்லாம. ஒங்க கலருதான் கெடக்கணும். அது முடியலன்னா நாளைலருந்து வராண்டாம். அக்காட்ட நான் சொல்லிக்கிடுதேன்." சொல்லிவிட்டு அந்த மறுகோடி வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

போகச் சொல்லியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். நயினார் தரையில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து வாடாமல்லிப் புட்டியை எடுத்தார். சாயங்காலம் போடவேண்டியதற்கு இப்போதே எதற்கு எடுத்தார் என்று கேட்டால், அதுவும் அவர் குணம்தான், முன்கூட்டியே ஒரு தடவை சரிபார்ப்பது. மூடியைத் திருகினார். வரவில்லை. எட்டு மாதமாகத் திறக்காத மூடி, கழுத்தில் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றித் திருகினார். பல்லால் கடித்துத் திருகினார். தொம்மை நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான், அன்றைக்கு அந்த ஷெட்டில் முதல் சிரிப்பு. "அதுலயும் பசை போட்டியளா அண்ணாச்சி?"

"தம்பி" என்றார் நயினார். மேற்கொண்டு என்னென்னவோ சொல்ல இருந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து வாசலை அடைத்துக்கொண்டது. "மன்னிச்சிரு" என்பது மட்டும் வெளியே வந்தது. தொம்மை துணியில் கிடந்த போல்ட்டை எடுத்து நீட்டினான். கை பொறுக்கிற அளவுக்கு ஆறியிருந்தது. "இந்தச் சூடு போதும், இதுல வச்சுப் பாருங்க." நயினார் புட்டியின் கழுத்தைப் போல்ட்டின் தலையோடு சேர்த்துப் பிடித்தார். கொஞ்சநேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திருகினார், மூடி வந்துவிட்டது. தூக்கிப்போடவேண்டிய பழைய போல்ட் அது, அதில் இனிக் கோடு போட்டு யாருக்கு என்ன. கருகின இடத்தைத் துணியால் துடைத்தார். தூரிகையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். வாடாமல்லிக் கலரில், கோணலாக, கோடு கீழிருந்து மேலே போனது.